காலையில் மட்டும் அடம் பிடிக்கும் பழைய டீசல் ஜீப்: பம்பைக் கழற்றலாமா?

பாமணிக்கரை
டிசம்பர் 18, காலை 8.40

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே பாமணியாற்றங்கரையில் எங்கள் வீடு. அப்பா 1993-இல் வாங்கிய டீசல் ஜீப் இன்னும் ஓடுகிறது. நாலு சிலிண்டர், ஸ்டார்ட் செய்யும் முன் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜின். உர மூட்டை, நாற்றுக்கட்டு, கொள்முதல் நிலையத்துக்கு அலைச்சல் எல்லாம் இதில்தான்.

ஒன்றரை மாதமாகக் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. ஹீட்டரை 20 எண்ணும் வரை பிடிக்கிறேன். செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது. பத்து விநாடி அடித்து, நிறுத்தி, மறுபடி பத்து விநாடி. ஐந்தாறு தடவைக்கு அப்புறம் ஒன்றிரண்டு சிலிண்டர் மட்டும் பட் பட்டென்று பிடிக்கும். வண்டி முழுக்க ஆடும், வெள்ளைப் புகை மாட்டுக்கொட்டகை வரை போகும். ஒரு நிமிஷத்தில் சரியாகிவிடும். அதன் பிறகு நாள் முழுக்கச் சாவியைத் தொட்டாலே போதும்.

டீசல் ஃபில்டர் இரண்டும் மாற்றியாயிற்று. பேட்டரி புதிது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் நாலையும் கழற்றி டெஸ்ட் செய்து போட்டோம். அதற்கே 3,200 ரூபாய். மெக்கானிக் இப்போது, நாசிலுக்கு டீசலைத் தள்ளும் இன்ஜெக்ஷன் பம்பைக் காட்டி, "பம்ப்தான், கழற்றி காலிபரேஷனுக்கு அனுப்பணும், 18,000 ஆகும்" என்கிறார். திங்கட்கிழமை கழற்ற வருகிறார். மார்கழிக் குளிர்தான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பணத்தைக் கொட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று வந்தேன்.

கும்மோணத்தான்
டிசம்பர் 18, காலை 9.25

அண்ணே, பம்பில் கை வைக்காதீர்கள். நான் வைத்து அழுதவன். என் வேனுக்கு இதே கதை. பம்ப் ரிப்பேர், நாசில், டைமிங் எல்லாம் பார்த்து முடித்த மறுநாள் காலையும் அதே அடம். கடைசியில் பேட்டரியிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டை பச்சை பூத்து அரித்துப் போயிருந்தது. புதுப் பட்டை 150 ரூபாய். பம்புக்குக் கொடுத்த பணத்தில் எங்கள் வீட்டு மாடிக்குத் தளம் போட்டிருக்கலாம்.

எலக்ட்ரீசியன் தஞ்சை
டிசம்பர் 18, காலை 10.05

கும்மோணத்தான் சொல்வது பாதி சரி. ஆனால் இவர் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது என்கிறாரே. "நன்றாக" என்பது காது சொல்வது. மீட்டர் வைத்துப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரிக் கொம்பிலேயே 9.6-க்குக் கீழே போகக் கூடாது. அப்புறம் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கொம்பிலும் மறுமுனையை இன்ஜின் உடம்பில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. க்ளாம்பில் உப்புப் பூத்திருந்தால் சுடுதண்ணீரில் ஆப்ப சோடா கலந்து ஊற்றிக் கழுவி, வாசலின் தடவுங்கள்.

ஹீட்டர் பிளக்கையும் விடாதீர்கள். நாலையும் இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, ஒரு 12 வோல்ட் டெஸ்ட் பல்பின் ஒரு முனையைப் பேட்டரி ப்ளஸ்ஸில் கொடுத்து, மறுமுனையால் ஒவ்வொரு பிளக் தலையையும் தொடுங்கள். பல்பு எரிந்தால் உள்ளே கம்பி அறுபடவில்லை. எரியாத பிளக் செத்தது.

தலைஞாயிறு
டிசம்பர் 18, மதியம் 12.30

இவ்வளவு எதற்கு? ஏர் கிளீனர் வாயில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே ஒரு தடவை அடியுங்கள், பட்டென்று பிடிக்கும். எங்கள் டிராக்டருக்கு அதுதான். ஸ்ப்ரே இல்லாத காலத்தில் எங்க பெரியப்பா துணியில் டீசல் நனைத்துக் கொளுத்தி வாயில் காட்டுவார்.

கையில் ஸ்பேனர்
டிசம்பர் 18, மதியம் 1.15

தலைஞாயிறு தம்பி, உங்கள் டிராக்டரில் ஹீட்டர் பிளக் கிடையாது, அதனால் தப்பித்தீர்கள். அண்ணன் வண்டியில் இருக்கிறது. பழுக்கக் காய்ந்த பிளக் உள்ளே இருக்கும்போது ஈதர் ஸ்ப்ரே போனால், பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும். ரிங் உடையும், பிஸ்டன் தலை பிளந்துபோகும். ஹீட்டர் உள்ள வண்டிக்கு ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். பெரியப்பா வித்தையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, ஏர் கிளீனரில் ஆயில் இருக்கிறது என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

பாமணிக்கரை அண்ணே, நான் நீடாமங்கலத்தில் முப்பது வருஷமாக டீசல் வேலை பார்க்கிறேன். சில கேள்விகள் கேட்கிறேன், அலுத்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள்.

முதல் தடவை செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகை வருகிறதா, சுத்தமாக ஒன்றுமே இல்லையா? முக்கியமான கேள்வி இதுதான், அநேகம் பேர் பார்ப்பதே இல்லை. டீசல் இன்ஜின் பிடிக்காமல் சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. ஹீட்டர், கம்ப்ரஷன், டைமிங், மெதுவாகச் சுற்றும் செல்ஃப் எல்லாம் அந்தக் கணக்கு. புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போய்ச் சேரவே இல்லை. அப்போது ஹீட்டரைத் திட்டிப் பயனில்லை.

இரண்டாவது, மதியம் நாலைந்து மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் எப்படி? மூன்றாவது, இன்றைக்கு மார்கழி பிறந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகிறது. நீங்கள் ஒன்றரை மாதம் என்கிறீர்கள். ஐப்பசியில் என்ன குளிர்? நம் ஊரில் மார்கழி விடியற்காலையே 20 டிகிரிதான். இந்த வகை இன்ஜினில் டீசல் முதலில் ஒரு சின்ன அறையில் எரிந்துதான் சிலிண்டருக்கு வரும். அந்த அறையின் சுவர் சூட்டை இழுத்துக்கொள்வதால்தான் ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். இன்ஜின் ஆறிவிட்டால் சித்திரையிலும் ஹீட்டர் வேண்டும். குளிர் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

விசைப்படகு
டிசம்பர் 18, மாலை 6.50

நாகையிலிருந்து. நாங்கள் முதலில் பார்ப்பது தண்ணீர். ஃபில்டர் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, கால் லிட்டர் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். கேனில் வாங்கிக் கொட்டகையில் வைத்து ஊற்றுபவர் என்றால் கட்டாயம் பாருங்கள். பாதி காலியாக நிற்கும் கேனில் இரவு ஈரம் வியர்த்து இறங்கும். புது ஃபில்டர் போட்டுவிட்டோம் என்று நம்பி உட்காராதீர்கள், கேன் பழையதுதானே.

பாமணிக்கரை
டிசம்பர் 19, காலை 9.10

எல்லாவற்றையும் பார்த்தேன். வரிசையாகச் சொல்கிறேன்.

பேட்டரி 12.5. செல்ஃப் அடிக்கும்போது 10.4. எர்த் பக்கம் 0.2 மட்டும். கும்மோணத்தான் தம்பி மன்னிக்கவும், உங்கள் வியாதி எனக்கு இல்லை.

ஃபில்டர் அடியில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் வந்தது. வடித்துவிட்டேன். ஆனாலும் இன்று காலை அதே கதை.

டெஸ்ட் பல்பு வைத்ததில் இரண்டு ஹீட்டர் எரியவில்லை! 1-ம் 4-ம். இதுதான் காரணம் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் ஸ்பேனர் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து, வீட்டில் பையனைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பின்னால் போய் நின்றேன். முதல் மூன்று தடவை சைலன்சரில் புகையே இல்லை. நாலாவது தடவைதான் வெள்ளையாக லேசாக வந்தது, அதற்கடுத்து பிடித்தது.

மதியம் நாலு மணி நேரம் நின்றால் இரண்டாவது தடவையில் பிடிக்கிறது. ராத்திரி முழுக்க நின்றால்தான் மோசம்.

கும்மோணத்தான்
டிசம்பர் 19, காலை 9.30

பட்டை போனால் 150 ரூபாய்தான் அண்ணே, உங்களுக்கு அது போயிருக்கக் கூடாதா என்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

கையில் ஸ்பேனர்
டிசம்பர் 19, காலை 11.00

அண்ணே, இரண்டு ஹீட்டரை மாற்றுங்கள், அது வேண்டும்தான். ஒன்றிரண்டு சிலிண்டரில் பட் பட்டென்று ஆடுவது அதனால்தான். ஆனால் மூன்று தடவை புகையில்லை என்றால் கதை வேறு. டீசல் ராத்திரியில் திரும்பி டேங்குக்குப் போய்விடுகிறது. காலையில் பம்பும் பைப்பும் காற்றால் நிறைந்திருக்கும். நீங்கள் ஐந்தாறு தடவை செல்ஃப் அடிப்பது இன்ஜினை ஸ்டார்ட் செய்ய இல்லை, டேங்கிலிருந்து டீசலை மேலே இழுத்துக்கொண்டு வர. பாவம் புது பேட்டரி.

நாளைக் காலை சாவியைத் தொடாதீர்கள். முதலில் ஃபில்டர் தலையில் இருக்கும் கை பம்பை அடியுங்கள். எத்தனை அடிக்கு அப்புறம் கெட்டியாகிறது என்று எண்ணுங்கள். கெட்டியான பிறகு ஹீட்டர் பிடித்து ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால், உங்கள் இன்ஜெக்ஷன் பம்ப் நல்ல பம்ப். 18,000 மிச்சம்.

தலைஞாயிறு
டிசம்பர் 19, மதியம் 2.20

இந்த டீசலே சரியில்லை என்பது என் கட்சி. 2020 ஏப்ரலில் கந்தகம் குறைந்த பிஎஸ்6 டீசல் வந்ததிலிருந்துதான் பழைய வண்டி எல்லாம் ஒழுக ஆரம்பித்தன.

விசைப்படகு
டிசம்பர் 19, மாலை 7.15

தம்பி, கந்தகத்தை 50 பிபிஎம்மிலிருந்து 10-க்குக் குறைத்தது உண்மை. டீசல் மாறும்போது கெட்டிப்பட்ட பழைய ரப்பர் சீல் சுருங்கிக் கசிவதும் உண்டு. ஆனால் முப்பது வருஷம் ஆன ரப்பர் எந்த டீசலிலும் கெட்டிப்படும். கசியும் சீலை மாற்றினால் தீர்ந்தது, டீசலை மாற்றவா முடியும்?

பாமணிக்கரை
டிசம்பர் 20, காலை 7.05

ஸ்பேனர் அண்ணே!!

கை பம்ப் 27 அடி வரை காற்றில் அடித்தது மாதிரி இருந்தது. அதற்கப்புறம் கெட்டி. ஹீட்டர் 20 எண்ணி, சாவி. இரண்டே விநாடி! இரண்டு ஹீட்டர் செத்த நிலையிலேயே! கொஞ்சம் ஆடியது, புகை வந்தது, ஆனால் பிடித்துவிட்டது. அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்.

இனி காற்று எங்கே நுழைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியில் ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகவில்லை.

கையில் ஸ்பேனர்
டிசம்பர் 20, காலை 9.45

ஒழுகாது. டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுப்பது ஃபீட் பம்ப். டேங்க் முதல் அது வரை உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகும், டீசல் வெளியே வராது. அதனால்தான் கண்ணில் படாமல் ஏமாற்றும்.

ஃபீட் பம்புக்குள் இருக்கும் வால்வு சரியாக உட்காராவிட்டாலும் டீசல் பின்னால் போகும். அதையும் பார்க்க வேண்டும். கண்ணால் பார்க்க ஒரு வழி: கொத்தனார் தண்ணீர் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப் ஒரு முழம் வாங்கி, ஃபீட் பம்புக்குப் போகும் பைப்புக்கு நடுவில் க்ளாம்ப் போட்டு மாட்டுங்கள். வண்டி ஓடும்போது குமிழி ஓடினால் டேங்க் பக்கம் ஓட்டை. சோதனைக்கு மட்டும்தான். ராத்திரி கழற்றிவிடுங்கள், டீசலில் அது கெட்டிப்பட்டு விரிசல் விடும்.

அப்புறம் இன்னொரு கேள்வி, முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். வண்டியை ராத்திரி எங்கே நிறுத்துகிறீர்கள்?

பாமணிக்கரை
டிசம்பர் 20, மதியம் 12.10

கரைச் சரிவில். ஐப்பசி மழையில் களம் சேறாகிவிட்டது, டயர் புதைகிறது. அதனால் வீட்டுப் பக்கமிருந்து கரைக்கு ஏறும் பாதையில் மூக்கு மேலே பார்த்தபடி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைப்பேன். ஏன் அண்ணே?

கையில் ஸ்பேனர்
டிசம்பர் 20, மதியம் 12.40

அதான்!

மன்னார்குடி முதல் வேதாரண்யம் வரை தட்டையான பூமி. மேடு என்று ஒன்று இருந்தால் அது ஆற்றுக் கரைதான். அதைத் தேடிப் பிடித்து மூக்கை மேலே தூக்கி நிறுத்தியிருக்கிறீர்கள். டேங்க் பின்னால், கீழே. இன்ஜின் முன்னால், மேலே. ஜீப்பின் சக்கரத்துக்குச் சக்கரம் ஏழரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கரை ஏற்றம் எட்டுக்கு ஒன்று என்றால் முன்பக்கம் கிட்டத்தட்ட ஒரு அடி கூடுதலாக உயர்ந்துவிடும். சின்ன ஓட்டை இருந்தால் போதும், ராத்திரியில் மொத்தமும் டேங்குக்கு இறங்கிவிடும். ஒன்றரை மாதம் என்று சொன்னீர்களே, குளிருக்கு ஒன்றரை மாதம் ஆகவில்லை, கரைக்கு ஆகியிருக்கிறது.

இன்றைக்கு இதைச் செய்யுங்கள். டேங்க்கை முழுக்க நிரப்புங்கள். அதே சரிவில் தலைகீழாக, மூக்கு கீழே பார்த்தபடி நிறுத்துங்கள். கியரில் போட்டு, கல்லும் வையுங்கள், வீட்டுப் பக்கம் உருண்டால் என்னைத் திட்டக் கூடாது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை சேசிஸ் ஓரமாகப் பைப் போகும் வழி முழுக்கக் கீழே பழைய செய்தித்தாள் விரித்து வையுங்கள். இப்போது டேங்க் மேலே, பைப் கீழே. ராத்திரி முழுக்கக் காற்று உள்ளே போன ஓட்டை வழியாக டீசல் வெளியே வரும்.

எலக்ட்ரீசியன் தஞ்சை
டிசம்பர் 20, மதியம் 1.00

காகிதம் விரித்துக் கண்டுபிடிப்பதா! நான் மீட்டர் வைத்து வியர்த்ததெல்லாம் வீணா? 😄

பாமணிக்கரை
டிசம்பர் 21, காலை 6.50

கண்டுபிடித்தாயிற்று. காலை பனியில் காகிதமெல்லாம் ஈரம், அதனால் முதலில் குழம்பினேன். பனி காய்ந்ததும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை மிச்சம். மேலே பார்த்தால், இரும்புப் பைப்பையும் ஃபீட் பம்பையும் இணைக்கும் ஒரு ஜான் ரப்பர் ஹோஸ். க்ளாம்புக்குப் பக்கத்தில் முடி மாதிரி நாலைந்து வெடிப்பு. கையில் பிடித்து வளைத்ததும் வாய் திறந்தது. வண்டி மட்டும் கை பம்ப் அடிக்காமலே இரண்டாவது தடவையில் பிடித்தது.

அந்த ஹோஸ் வண்டியோடு வந்தது இல்லை. நிறம் வேறு. நானும் பழைய மெக்கானிக்கைச் சந்தேகப்பட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டேன். அப்பா கேட்டுக்கொண்டே வந்து, "கஜா அப்போ நீதானேடா போட்டே" என்றார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. 2018 நவம்பர் 16-இல் புயல் கரையைக் கடந்ததே, அதற்கு மறுநாள். தென்னை எல்லாம் சாய்ந்து கிடக்க, கரன்ட் இல்லை, கடையும் இல்லை. குடிதண்ணீர் எடுத்து வர ஜீப் வேண்டும், ஹோஸ் அறுந்திருந்தது. வீட்டில் கிடந்த மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர் ஹோஸை ஒரு துண்டு வெட்டி மாட்டினேன். இரண்டு நாளில் நல்லதாக மாற்றலாம் என்று நினைத்தேன். அது ஏழு வருஷமாக ஓடியிருக்கிறது. இடையில் ஒவ்வொரு மழைக்காலமும் கொஞ்சம் இழுத்ததும் உண்டு. குளிர் என்று விட்டுவிட்டேன்.

விசைப்படகு
டிசம்பர் 21, காலை 7.30

கஜாவில் எங்கள் பக்கம் கட்டிய தற்காலிகக் கயிறுகள் இன்னும் கட்டியபடியே இருக்கின்றன. உங்களைச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

தலைஞாயிறு
டிசம்பர் 21, காலை 8.15

மருந்தடிக்கிற ஹோஸ் தண்ணீருக்குத்தானே, டீசல் பட்டால் முதலில் ஊறும், அப்புறம் முறுக்கு மாதிரி ஆகும். எங்கள் டிராக்டர் ரிட்டர்ன் பைப்பில் நானும் ஒன்று போட்டிருக்கிறேன். இப்போதே போய்ப் பார்க்கிறேன். அண்ணே, என்ன சைஸ் ஹோஸ் வாங்க வேண்டும்?

கையில் ஸ்பேனர்
டிசம்பர் 21, காலை 10.20

அளவைச் சொல்லி வாங்காதீர்கள் தம்பி, வண்டிக்கு வண்டி மாறும். பழைய துண்டையும் அது ஏறும் இரும்புப் பைப்பின் அளவையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். "டீசல் ஹோஸ், நூல் பின்னியது" என்று கேளுங்கள். பெட்ரோல் பைக்குக்குப் போடும் மெல்லிய பிளாஸ்டிக் டியூப் கொடுத்தால் வாங்க வேண்டாம். திருகு க்ளாம்பை ரொம்ப முறுக்கினாலும் ஹோஸை அறுத்துவிடும். டீசல் போக நடுவில் துளையுள்ள பேன்ஜோ போல்ட் இருக்கும் இடத்தில் பழைய செம்பு வாஷரைத் திருப்பிப் போடாதீர்கள். ஐந்து ரூபாய் வாஷர் அடுத்த வருஷம் இதே இழையில் உங்களைக் கொண்டுவந்து நிறுத்தும்.

பாமணிக்கரை அண்ணே, ஹோஸ் மாற்றிய பிறகு மறுபடி மூக்கு மேலே நிறுத்தி ஒரு ராத்திரி பாருங்கள். அப்போதும் கை பம்ப் காற்றில் அடித்தால் ஃபீட் பம்ப் வால்வு.

பாமணிக்கரை
டிசம்பர் 23, காலை 7.20

நேற்று மன்னார்குடி போய் ஹோஸ், க்ளாம்ப், வாஷர் எல்லாம் 260 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்காரர் பழைய துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல பூச்சி மருந்து வாசம் வருதே" என்றார். ஹீட்டர் இரண்டும் மாற்றினேன். ராத்திரி வேண்டுமென்றே கரையில் மூக்கு மேலே நிறுத்தினேன். இன்று காலை கை பம்ப் மூன்றாவது அடியிலேயே கெட்டி. ஹீட்டர் 15 எண்ணி, சாவி, ஒரே தொடுதல். புகையும் கொட்டகை வரை போகவில்லை.

பம்பைக் கழற்ற நேற்று வந்த மெக்கானிக்கிடம் பம்ப் வேண்டாம், டாப்பெட் கேப், அதாவது வால்வு இடைவெளி, மட்டும் பார்த்துக் கொடுங்கள் என்றேன். அவரும் அந்தப் பழைய ஹோஸை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.